கடலோர வீட்டை விற்க நேர்ந்தால்



மணப்பாட்டுத் தெருக்களில் நடந்து போனவர்கள் ஒரு காரியத்தைக் கவனித்திருப்பார்கள். உயர்ந்த தூண்களும் மாடியும் அகன்ற வாசலுமாகப் பெருமையோடு கட்டிய வீடுகள் அங்கே வரிசையாய் நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் கதவு பூட்டிக் கிடக்கிறது. கொழும்பு வியாபாரம் செழித்திருந்த காலத்தின் வீடுகள் அவை. வீட்டுக்காரர்கள் இன்று தூத்துக்குடியிலும் சென்னையிலும் கடல் கடந்த தேசங்களிலும் இருக்கிறார்கள். செப்டம்பர் மாதத்தில் திருச்சிலுவைத் திருநாள் வரும்போது சன்னல்கள் திறக்கும், அடுப்பு புகையும், பேரப்பிள்ளைகள் கடலைப் பார்க்க ஓடுவார்கள். கொடி இறங்கியதும் மறுபடியும் பூட்டு விழும். மணப்பாட்டில் மட்டுந்தான் இப்படி என்று எண்ணவேண்டாம். 1542ஆம் ஆண்டில் அர்ச். சவேரியார் வந்து உழைத்த இந்த முத்துக்குளித்துறை நெடுகிலும், அதற்கு அப்பால் கன்னியாகுமரிக் கரையிலும், பூட்டிய வீடுகளைக் காணலாம்.

இப்படி ஒரு வீட்டை வைத்திருக்கிற குடும்பத்துக்கு, விற்றுவிடுவதா வைத்துக்கொள்வதா என்ற கேள்வி என்றைக்காவது ஒரு நாள் வந்தே தீரும். உப்புக்காற்றுக்கு இரக்கம் கிடையாது. சன்னல் கம்பியைத் தின்னும். தளத்துக்குள் புதைந்திருக்கிற இரும்புக் கம்பியைத் துருப்பிடித்துப் பருக்கச் செய்து, சிமெண்டைப் பிளந்து கீழே தள்ளும். ஆள் குடியிருந்து அவ்வப்போது செப்பனிட்டால்தான் கடலோர வீடு நிற்கும். பிள்ளைகளோ தூரத்தில் இருக்கிறார்கள். தாயாருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. வைத்தியச் செலவு வேறு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதிக்குப் பிறகு சிலருக்குக் கடலைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது. இப்படிப் பல காரணங்கள் உண்டு.

விற்பது சரியா தப்பா என்று இந்தப் பாடத்தில் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அது உங்கள் குடும்பம் கூடிப் பேசி முடிவு செய்யவேண்டிய விஷயம். முடிவு செய்த பிறகு மனசு படுகிற பாடு இருக்கிறதே, அதைப் பற்றியே இங்கே பேசுகிறோம். கிரயம் எழுதுவதற்கு ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். கிரயம் எழுதிய இரவில் தூக்கம் வராமல் புரளுகிறவருக்கு யோசனை சொல்லுகிறவர்கள் குறைவு.

இந்தத் துக்கம் என்ன துக்கம்?

"செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் இவ்வளவு அழுகையா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் அந்த வீட்டில் வளராதவராக இருப்பார். 1688ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்துப் பாசல் நகரத்தில் யோகான்னஸ் ஹோபர் என்ற வைத்திய மாணவர், ஊரையும் வீட்டையும் விட்டுப் பிரிந்தவர்கள் உடம்பு மெலிந்து வாடுவதைக் குறித்து ஓர் ஆராய்ச்சி எழுதினார். வீடு திரும்புதல், வேதனை என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு "நாஸ்டால்ஜியா" என்று பெயரும் வைத்தார். அவர் அதை வியாதியென்றே கருதினார். வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே அவர் சொன்ன மருந்து. இக்காலத்து மனோதத்துவ நிபுணர்கள் அதை வியாதியென்று சொல்வதில்லை. என்றாலும், வீட்டைப் பிரிந்தால் உடம்பே வாடும் என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னமே ஒரு வைத்தியர் கண்டு எழுதினார் என்பது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும்.

இன்னொரு சாட்சியம் அமெரிக்காவிலிருந்து. பாஸ்டன் நகரத்தில் சார்லஸ் ஆற்றின் பக்கத்தில் வெஸ்ட் எண்டு என்று ஒரு குடியிருப்பு இருந்தது. இத்தாலியிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் அங்கே நெருங்கி வாழ்ந்தன. நகரத்தைச் சீர்திருத்துகிறோம் என்று சொல்லி 1958ஆம் ஆண்டு முதல் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். குடிபெயர்ந்தவர்களை மார்க் பிரீட் என்ற அறிஞர் விசாரித்து 1963இல் எழுதினார். இரண்டு வருஷம் கழித்தும் பலர், செத்துப்போன ஒருவருக்காகத் துக்கிக்கிறதைப் போலவே அந்த இடத்துக்காகத் துக்கித்தார்கள் என்பது அவர் கண்டது. அவர்களில் பெரும்பாலோர் வாடகைக்குக் குடியிருந்தவர்கள் என்பதை மறக்கவேண்டாம். பத்திரம் அவர்கள் பேரில் இல்லை. துக்கம் மட்டும் அவர்களுடையதாய் இருந்தது. ஆகவே, "எனக்கு அந்த வீட்டில் பங்கே கிடையாது, நான் ஏன் அழுகிறேன்?" என்று குழம்புகிற மருமகளோ பேரனோ குழம்பவேண்டியதில்லை.

கடலோர வீட்டுக்கு இதிலும் ஒரு விசேஷம் உண்டு. உள்நாட்டு வீட்டைச் சுவருக்குள் அடக்கிவிடலாம். கடலோர வீடோ சுவருக்கு வெளியேயும் நீளுகிறது. மச்சில் நின்றால் தெரிகிற தொடுவானம், கச்சான் காற்று மாறுகிற வாசனை, இரவெல்லாம் விடாத இரைச்சல், கருவாடு காய்கிற நெடிகூட அந்த வீட்டின் பாகந்தான். மூக்கிலிருந்து போகும் நரம்பு, ஞாபகத்தையும் உணர்ச்சியையும் ஆளுகிற மூளைப் பகுதிகளுக்கு வெகு நேராய்ப் போய்ச் சேருகிறது என்று வைத்திய சாஸ்திரம் சொல்லுகிறது. அதனால்தான் சென்னையில் மீன் சந்தையைக் கடக்கிறபோது, காரணம் தெரியாமல் கண்ணில் நீர் முட்டுகிறது.

"தகப்பன் சொத்தை விற்கலாமா?"

துக்கத்தைக் காட்டிலும் பொல்லாதது உறுத்தல். "அப்பா கொழும்பில் கஷ்டப்பட்டுக் கட்டினார். நான் விற்கிறேன்" என்ற ஒரே நினைவு மனிதனை உள்ளேயே அரித்துவிடும். இதற்குத் தூபம் போடுகிற உறவினரும் இருப்பார்கள். வேதாகமத்திலிருந்தே நாபோத்தின் கதையை எடுத்துக் காட்டுவார்கள்: அரசன் ஆகாப் கேட்டும் தகப்பன்மாருடைய சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்று நின்றானே, உயிரையும் இழந்தானே என்பார்கள்.

அந்த அத்தியாயத்தைப் பொறுமையாய் வாசித்துப் பாருங்கள். அது ஒரு பலவான் ஏழையின் நிலத்தைப் பறித்த அநியாயத்தின் கதை. வயதான தாயின் வைத்தியத்துக்காக மக்கள் கூடி வீட்டை விற்பதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதே பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தைத் திறந்தால் வேறொன்றைக் காண்பீர்கள். ஒருவன் வறுமையால் விற்க நேரும் என்று அது ஒத்துக்கொள்ளுகிறது, விற்றவனைத் திட்டுகிறதில்லை. மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவன் ஒரு வருஷத்துக்குள் மீட்டுக்கொள்ளலாம்; அந்தக் கெடு தாண்டினால் அது வாங்கினவனுக்கே நிலைக்கும். மதிலில்லாத கிராமத்து வீடோ வயல் நிலத்தைப்போல் எண்ணப்பட்டது. அதை எப்போதும் மீட்கலாம், ஜூபிலி வருஷத்தில் அது திரும்பியும் வரும். வீட்டைப் பிரிகிற மனுஷனுக்குக் கால அவகாசம் வேண்டும் என்பதை அந்தச் சட்டம் அறிந்திருந்தது. நம்முடைய கிரயச் சட்டத்தில் அப்படிப்பட்ட வருஷம் கிடையாது. ரிஜிஸ்திரார் ஆபீசில் கைரேகை வைத்தால் முடிந்தது.

அழுவது விசுவாசக் குறைவோ என்று பயப்படுகிறவர்களும் உண்டு. லாசருவை உயிர்ப்பிக்கப்போகிறோம் என்று அறிந்திருந்த சேசுநாதரே அவன் கல்லறையண்டையில் கண்ணீர் விட்டார். இதற்குமேல் அதைப்பற்றிச் சொல்லவேண்டாம்.

உங்களுக்கு நாள் கிடைத்திருக்கிறது

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியில் புயலும் கடலும் சேர்ந்து வந்தன. ரயில் நிலையமும் தபாலாபீசும் கோயிலும் வீடுகளும் இருந்த ஊர் ஓரிரவில் இல்லாமற்போனது. மேற்கூரையில்லாத கோயிற்சுவர் மணலில் இன்றும் நிற்கிறது. அந்த ஊராருக்கு வீட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூட நேரம் கிடைக்கவில்லை. 2004இல் சுனாமி வந்தபோதும் அப்படித்தான்.

அவர்கள் பட்டதோடு ஒப்பிட்டு உங்கள் துக்கத்தைச் சிறிதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் பல்வலியால் துடிக்கிறபோது, பக்கத்து வீட்டுக்காரருக்குக் கால் ஒடிந்ததைச் சொல்லி என்ன பயன்? சொல்லவந்தது இதுதான்: விற்கிறவருக்கு, கடல் எடுத்துக்கொண்டவருக்குக் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. அது நாள். முடிவு செய்த தினத்துக்கும் பத்திரம் பதிவாகிற தினத்துக்கும் நடுவே சில வாரங்களோ மாதங்களோ இருக்கும். வழக்கமாய் நாம் அந்த நாட்களையெல்லாம் தரகருக்கும் வில்லங்கச் சான்றுக்கும் பட்டா நகலுக்குமே செலவழிக்கிறோம். துக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கிறோம். பிறகு என்றால் வீடு நம்முடையதாக இருக்காது. சாவி இன்னொருவர் கையில் இருக்கும். அழுவதற்கு இடமே இராது. ஆகையால் வீட்டை விட்டுப் பிரிகிற காரியத்தை, வீடு உங்கள் கையில் இருக்கும்போதே செய்து முடியுங்கள். பத்திரப் பதிவு அதற்குப் பின்னால் வரட்டும்.

எப்படிச் செய்வது?

முதலாவது, எல்லாரும் ஒரு தடவையாவது அங்கே கூடுங்கள். வெளிதேசத்தில் இருக்கிற பிள்ளை விமானச் செலவுக்கு அஞ்சி வரமாட்டேன் என்றால், விற்ற பணத்தில் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லியாவது வரவழைக்கப் பாருங்கள். இயலாவிட்டால் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிற வசதி இப்போது இருக்கிறது. குடும்பத்தில் மூத்தவர் யாரோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அறை அறையாகப் போங்கள். எந்த அறையில் யார் பிறந்தார், பாட்டனாரின் கட்டில் எந்தச் சன்னலோரம் இருந்தது, எந்தப் படியில் தம்பி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டான், எந்தக் கிணறு உப்பு, எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று அவர் சொல்லட்டும். இளையவர்களில் ஒருவர் அதை எழுதவோ ஒலிப்பதிவு செய்யவோ வேண்டும். அறைகளின் நீள அகலத்தை அளந்து, ஒரு தாளில் வீட்டின் படம் வரைந்து, இன்ன இடத்தில் இன்னது என்று குறித்துக்கொள்வது மிகவும் நல்லது. வாசலையும் முகப்பையுமே எல்லாரும் போட்டோ எடுக்கிறார்கள். பத்து வருஷம் போனபின் நினைவுக்கு வராமல் தவிப்பது முகப்பையல்ல. சமையற்கட்டின் மூலையையும் மாடிப்படியின் திருப்பத்தையுந்தான். இரவில் மச்சில் கைப்பேசியை வைத்து அலையோசையையும் பதிந்துகொள்ளுங்கள். அது விளையாட்டுக் காரியமல்ல. ஏன் என்று பின்னால் சொல்லுகிறேன்.

இரண்டாவது, கலியாணமாகிப் போன பெண்மக்களைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். இது நம் குடும்பங்களில் பெரிய காயம். தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவக் குடும்பத்தில் விதவைத் தாயாருக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மூன்றில் இரண்டு பங்கு ஆண் பெண் வித்தியாசமின்றி மக்களுக்குச் சமமாகவும் சேரும். பழைய திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த கன்னியாகுமரிப் பக்கத்தில் 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று பெண்மக்களுக்குச் சீதனமென்று அற்பமான பாகத்தையே கொடுத்தது. 1951ஆம் ஆண்டு முதலே அது செல்லாது என்று 1986இல் மேரி ராய் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே பங்கு என்பது தயவல்ல, உரிமை. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இருபது வயதில் அந்த வாசலைத் தாண்டி வேறு வீட்டுக்குப் போன அக்காளுக்கு, தாய்வீடு இருக்கிறது என்ற எண்ணமே ஒரு பலமாக இருந்திருக்கும். அண்ணனும் தம்பியும் வீட்டில் இருந்து அனுபவித்தார்கள். அவளோ அதை நினைத்துக்கொண்டே வாழ்ந்தாள். விலை பேசுமுன் அவளிடம் போய், "அக்கா, உனக்கு எப்படி இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டால், பின்னால் பத்து வருஷத்து மனஸ்தாபம் வராமற்போகலாம். சாமான்கள் பங்கிடும்போதும் அப்படியே. அண்டாவுக்கும் பெட்டிக்கும் சண்டை வருகிறதென்றால் சண்டை அண்டாவுக்காக அல்லவென்று அறிந்துகொள்ளுங்கள். அம்மா தன்னை நினைத்திருந்தாள் என்பதற்கு ஏதோ ஓர் அத்தாட்சி எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது.

வீட்டைக் காத்துவந்தவரையும் மறந்துவிடாதீர்கள். பதினைந்து இருபது வருஷமாய் முற்றம் பெருக்கி, விளக்கேற்றி, திருட்டுப் போகாமல் பார்த்துக்கொண்ட காவற்காரரும் அவர் மனைவியும் பல வீடுகளில் உண்டு. விற்கிற செய்தியை அவர்கள் தரகர் வாயால் கேட்கவிடுவது நன்றிகெட்ட செயல். நீங்களே நேரில் சொல்லுங்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு வழி செய்த பிறகு தேதி குறியுங்கள். குடும்பத்தாரைவிட அதிக நாள் அந்த அலையோசையில் தூங்கினவர்கள் அவர்கள்.

மூன்றாவதாக ஒரு சட்ட நுணுக்கம். மனசமாதானத்துக்கும் இது உதவும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 8ஆம் பிரிவின்படி, வீட்டை விற்றால் பூட்டு, சாவி, கம்பி, கதவு, சன்னல் ஆகியவையும், வீட்டின் நிரந்தர உபயோகத்துக்கென்று அமைந்த மற்றவையும், வேறுவிதமாய்ச் சொல்லப்படாவிட்டால் வீட்டோடே போய்விடும். பாட்டனார் இழைத்த தலைவாசற் கதவு, ஊஞ்சற் பலகை, கட்டிய வருஷம் பொறித்த கல், இப்படி எதையாவது எடுத்துக்கொள்ள ஆசையிருந்தால் பேச்சு நடக்கும்போதே சொல்லி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அநேகம் பேர் வெட்கப்பட்டுக் கேட்காமல் விட்டுவிட்டு, பிற்பாடு பழைய சாமான் கடையில் அந்தக் கதவைப் பார்த்து மனமுடைகிறார்கள். ஆனால் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போகவும் வேண்டாம். புது வீட்டுச் சுவரில் பொருந்தாத பெரிய அலமாரி, நாளைக்குப் பிள்ளைகளுக்குப் பாரமாகத்தான் போகும். ஆளுக்கு ஒன்று போதும்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேட்கிறவர் சொல்லுகிற விலை நம்மை அவமானப்படுத்துவதுபோல் தோன்றும். "எங்கள் அப்பா கட்டின வீட்டுக்கு இவ்வளவுதானா?" என்று கோபம் வரும். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சோதனையைக் கேளுங்கள். கானெமன், நெட்ச், தேலர் என்ற மூன்று அறிஞர்கள், பல்கலைக்கழக மாணவரில் பாதிப்பேருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். சற்று நேரத்துக்கெல்லாம் அதை விற்கச் சொன்னால், கோப்பை பெற்றவர்கள், பெறாதவர்கள் தர முன்வந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். சில நிமிஷம் கையிலிருந்த கோப்பைக்கே அப்படியானால், மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டுக்கு எப்படியிருக்கும்? வாங்குகிறவர் உங்கள் தகப்பனாரை எடைபோடவில்லை. நிலத்தையும் சுவரையும் எடைபோடுகிறார். மேலும், கடலோரத்தில் 1991ஆம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கத்தின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை நடைமுறைக்கு வந்து, 2011இலும் 2019இலும் திருத்தி வெளியிடப்பட்டது. அலைக்கு அருகே நினைத்தபடி புதுக் கட்டிடம் எழுப்ப முடியாதென்று அறிந்தவர் விலையைக் குறைத்தே கேட்பார். அது வியாபாரம், அவமரியாதையல்ல. நியாய விலையை அந்தப் பக்கத்தில் சமீபத்தில் நடந்த கிரயங்களைக் கொண்டு விசாரித்து முன்னதாகவே தீர்மானித்து, பேரம் பேசும் பொறுப்பைக் குடும்பத்தில் கொஞ்சம் மனத்திடமுள்ள ஒருவரிடம் விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் பிறவாத மருமகன் இதற்குப் பெரும்பாலும் பொருத்தமானவர்.

கடைசி நாள்

சாமான் வண்டி போனபிறகு வெறும் வீட்டில் சற்று நேரம் இருங்கள். பீடத்துச் சுரூபத்தையும் பாடுபட்ட சிலுவையையும் மற்றச் சாமான்களோடு கட்டி அனுப்பாமல் கடைசிமட்டும் வைத்திருந்து, எல்லாருமாய் அதற்குமுன் ஒரு ஜெபமாலை சொல்லி, அந்த வீட்டில் இறந்தவர்களைப் பேர் பேராய் நினைத்து, பிறகு மூத்தவர் கையிலே எடுத்துக்கொண்டு புறப்படுவது நல்ல வழக்கம். வரப்போகிற குடும்பத்துக்காகவும் ஒரு மந்திரம் சொல்லுங்கள். அவர்கள் எந்த மதத்தவராயிருந்தாலும் சரி. கடலண்டை போய்க் கால் நனைக்க விரும்புகிறவர் போகட்டும், விரும்பாதவரை வற்புறுத்தவேண்டாம். 2004இல் உறவை இழந்தவர்களுக்கு அந்தக் கடலின்மேல் பாசமும் பயமும் கோபமும் ஒன்றாய்க் கலந்திருக்கும். இதில் எது உண்மையானது என்று கேட்கவேண்டாம், எல்லாமே உண்மைதான். சின்னப் பிள்ளைகள் மணலையும் சிப்பியையும் ஒரு சீசாவில் போட்டுக்கொண்டு வந்தால் குப்பையென்று எறிந்துவிடாதீர்கள்.

சாவி கொடுக்கிறதைப் பத்திர ஆபீசிலே அவசரமாய் முடிக்காமல், முடிந்தால் வீட்டு வாசலிலேயே செய்யுங்கள். எந்தக் கதவு மழைக்காலத்தில் இறுகும், எந்தச் சன்னலை வாடைக் காலத்தில் சாத்தவேண்டும், மோட்டாரை எப்போது போட்டால் உப்பில்லாத தண்ணீர் வரும் என்று புதியவருக்குச் சொல்லிக்கொடுங்கள். வீட்டைப் பற்றி அறிந்ததை இன்னொருவருக்குச் சொல்லுகிறபோது, துக்கத்தின் நடுவிலும் மனதுக்கு ஒரு கண்ணியம் கிடைக்கிறது.

அதற்குப் பிறகு

புது வீட்டில் முதல் சில வாரம் தூக்கம் வராது, முக்கியமாய் வயதானவர்களுக்கு. கடலின் இரைச்சல் ஒரே சீராக இருந்து மற்றச் சின்னச் சத்தங்களையெல்லாம் மறைத்துக்கொண்டிருந்தது. இப்போது அது இல்லாததால் பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுவதுகூடக் காதில் விழும். "அம்மா ஏன் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள்?" என்று பயப்படாதீர்கள். மின்விசிறியை ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பதிந்து வைத்த அலையோசையைத் தலைமாட்டில் மெதுவாய்ப் போட்டுவிடுங்கள். அவருடைய பழைய கட்டிலையும் தலையணையையும் மாற்றாதீர்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் புதிதாக்க ஆசைப்படுகிற பிள்ளைகள், தாயாருக்குப் பழக்கமான ஒன்றையும் விட்டுவைப்பதில்லை.

விற்ற பணத்தை உடனே பெரிய காரியங்களில் போடவேண்டாம். துக்கமாயிருக்கிற மனசு கணக்குப் பார்க்காது; ஒன்று கஞ்சத்தனமாய் முடக்கும், அல்லது யார் கேட்டாலும் அள்ளிக் கொடுக்கும். அதில் சிறு பாகத்தைத் தாய்தகப்பன் பேரால் ஏதாவது ஒன்றுக்கு, பேரன் படிப்புக்கோ கல்லறை செப்பனிடவோ, ஒதுக்கிவைத்தவர்கள், அந்தப் பணத்தைத் தொடும்போது வருகிற உறுத்தல் குறைந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

துக்கம் அலைபோல் வந்து போகும். நாளாக ஆக இடைவெளி கூடும். பல மாதம் சென்றும் ஒருவர் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் பேசாமல், உயிர் வாழ்வதே வீண் என்று சொன்னால், அதை வீட்டு நினைவென்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். மத்திய அரசாங்கம் 2022இல் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். தமிழிலும் பதில் கிடைக்கும்.

அடுத்த திருநாள் வரும். ஊருக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பீர்கள். முதல் வருஷம் தங்குவதற்குச் சித்தப்பா வீட்டையோ பழைய அண்டை வீட்டாரையோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டைத் தவிர வேறு வீட்டில் தங்குவதா என்ற வீம்பு வேண்டாம். அந்தத் தெருவழியே தனியாய்ப் போகாமல், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். வீட்டுக்கு வேறு வர்ணம் அடித்திருப்பார்கள். திண்ணையை இடித்து வண்டி நிறுத்த இடம் செய்திருப்பார்கள். புதிய வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "உள்ளே வாருங்கள், காப்பி சாப்பிட்டுப் போங்கள்" என்று கூப்பிட்டால் போகலாம். மனசு இடங்கொடுக்காவிட்டால், "இன்னொரு நாள் வருகிறோம்" என்று சொல்லிவிட்டுக் கடற்கரைக்கு நடக்கலாம். கடற்கரையை யாரும் விற்கவில்லை.